டென்னிஸ் ரிட்சி: பிழைகளுக்குக் கீழே தன் பெயரை எழுதியவர்

1971 நவம்பர் 3. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்ற ஊரிலுள்ள பெல் ஆய்வகத்தில் ஒரு கையேடு தயாரானது. யுனிக்ஸ் என்ற புதிய இயங்குதளத்தின் ஒவ்வொரு கட்டளையும் என்ன வேலை செய்யும் என்று சொல்லும் கையேடு அது. கட்டளையின் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அமைப்பு. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருப்பதுதான். ஆனால், பக்கத்தின் அடியில் இரண்டு தலைப்புகள் இருந்தன. ஒன்று ‘பிழைகள்’. இன்னொன்று ‘உரிமையாளர்’.

முதல் தலைப்பின் கீழே, அந்தக் கட்டளையில் தங்களுக்கே தெரிந்த கோளாறு என்ன என்று எழுதினார்கள். இரண்டாவதன் கீழே, சிக்கல் வந்தால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று எழுதினார்கள். பல பக்கங்களில் அந்த இடத்தில் இருந்தவை இரண்டே பெயர்கள்: ‘கென்’, ‘டிஎம்ஆர்’. முதலாமவர் கென் தாம்சன். இரண்டாமவர் டென்னிஸ் மெக்காலிஸ்டர் ரிட்சி.

நாம ஒரு மிக்ஸி வாங்குறோம். பெட்டி மேலேயே ‘இதில் இந்த இடத்தில் கோளாறு இருக்கு, செய்தது நான்தான்’ என்று எழுதி ஒட்டியிருந்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதைத்தான் இவர்கள் செய்தார்கள்.

இன்று ஓப்பன் சோர்ஸ் எனப்படும் திறந்த மூல மென்பொருள்களில்தான் உலகத்தின் பெரும்பகுதி இயங்குகிறது. எழுதிய நிரலை ஊரறிய வைப்பது, குறை சொன்னால் கேட்டுக்கொள்வது, தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்பது ஆகியவை அந்த உலகத்தின் நடைமுறைகள். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் பிறந்தது 1998இல். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அப்படி வாழ்ந்தவர் ரிட்சி.

யார் இவர்?

1941 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்தின் பிராங்ஸ்வில் நகரில் பிறந்தார். வளர்ந்தது நியூஜெர்சியின் சம்மிட் நகரில். அப்பா அலிஸ்டர் ரிட்சியும் பெல் ஆய்வக விஞ்ஞானிதான். தொலைபேசி இணைப்புகளை மாற்றிவிடும் சுற்றுகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த ரிட்சி, பிறகு கணிதம் பக்கம் நகர்ந்து, கணிப்பின் சிக்கல்தன்மை பற்றி ஆய்வேடு எழுதினார். 1967இல் அப்பா வேலை பார்த்த அதே பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அந்த ஆய்வேட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1968இல் ஆய்வேடு முடிந்துவிட்டது, ஏற்கவும்பட்டது. ஆனால், பைண்டு செய்த பிரதி ஒன்றை ஹார்வர்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பைண்டிங் செலவை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டதாக உடன் படித்தவர் ஒருவர் பின்னாளில் சொன்னார். பிரதி போகவில்லை, பட்டமும் வரவில்லை. பலரும் அவரை டாக்டர் ரிட்சி என்றே நினைத்திருந்தார்கள். ஆய்வேட்டின் பிரதி ஒன்று கிடைத்து, இந்த விவரம் பரவலாக வெளியே வந்தது 2020இல். அதற்குள் அவர் காலமாகி 9 ஆண்டுகள் ஆகியிருந்தன.

என்ன செய்தார்?

ஒரே வரியில் சொன்னால், தாம்சனுடன் சேர்ந்து யுனிக்ஸை உருவாக்கினார். அதை எழுதுவதற்காக ‘சி’ என்ற கணினி மொழியைப் படைத்தார்.

இயங்குதளம் என்பது கணினியின் மேலாளர் மாதிரி. எந்த நிரல் எப்போது ஓடணும், கோப்பு எங்கே போகணும், திரையில் எது வரணும் என்று தீர்மானிப்பது அதுதான். பெல் ஆய்வகம் வேறு நிறுவனங்களுடன் சேர்ந்து ‘மல்டிக்ஸ்’ என்ற பெரிய இயங்குதளத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. வேலை இழுத்துக்கொண்டே போனதால் 1969இல் அதிலிருந்து விலகியது. அந்த வெற்றிடத்தில், பழைய பிடிபி-7 கணினி ஒன்றில் தாம்சன் சின்னதாக ஒன்றைத் தொடங்கினார். ரிட்சி உடன் சேர்ந்தார். அதுதான் யுனிக்ஸ்.

அன்றைய இயங்குதளங்கள் பெரும்பாலும் அந்தந்தக் கணினிக்கே உரிய அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டன. கணினியை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எழுதணும். இதற்குத் தீர்வாக வந்தது ‘சி’. அதன் வேர் கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய ‘பிசிபிஎல்’. அதைச் சுருக்கி தாம்சன் ‘பி’ மொழியைச் செய்தார். அதை விரித்து ரிட்சி செய்தது ‘சி’. முக்கியமான வேலை நடந்தது 1972இல். 1973 கோடையில் யுனிக்ஸின் மையப் பகுதியே ‘சி’யில் திருப்பி எழுதப்பட்டது. 1978இல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய புத்தகம் வந்தது. ‘கே அண்ட் ஆர்’ என்று சொன்னால் இன்றும் பொறியியல் மாணவர்களுக்குத் தெரியும். அந்த ‘ஆர்’ இவர்தான்.

மூலநிரல் எப்படி வெளியே போனது?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். யுனிக்ஸ் இன்றைய பொருளில் இலவச மென்பொருள் இல்லை. அது ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சொத்து. லைசென்ஸ் வாங்கித்தான் பயன்படுத்த முடியும்.

ஆனால், ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. ஏகபோக வழக்கு ஒன்றில் 1956இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தொலைத்தொடர்பு தவிர வேறு வியாபாரத்தில் அந்த நிறுவனம் இறங்கக் கூடாது. அதனால் யுனிக்ஸைப் பொருளாக விற்க முடியவில்லை. பல்கலைக்கழகங்கள் கேட்டபோது பெயரளவுக்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. முழு மூலநிரலும் காந்த நாடாவில் போனது. கூடவே ஒரு நிபந்தனையும் போனது: உதவி கிடையாது, பிழை திருத்தித் தர மாட்டோம், உங்க பாடு.

விளைவு? வாங்கியவர்கள் தாங்களே படித்தார்கள், தாங்களே திருத்தினார்கள், திருத்தியதை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யுனிக்ஸின் ஒரு கிளையே முளைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், ஆறாவது பதிப்பின் மையப் பகுதியிலிருந்த சுமார் 9,000 வரிகளை அச்சிட்டு, மாணவர்களுக்காக விளக்கவுரை எழுதினார். நம்ம ஊரில் பழைய இலக்கியத்துக்கு உரை எழுதுவார்களே, அதே மாதிரி.

தன் நிரலை உலகமே வரி வரியாகப் படிக்கப்போகிறது என்றால் எழுதியவருக்கு எப்படி இருக்கும்? இங்கேதான் ரிட்சியின் குணம் தெரிகிறது.

அந்த ஒரு குறிப்பு

ஒரே கணினியில் பல நிரல்கள் மாறி மாறி ஓடும். ஒன்றை நிறுத்தி, அதன் நிலையைப் பத்திரப்படுத்தி, இன்னொன்றை விட்ட இடத்திலிருந்து தொடங்க வைக்கணும். யுனிக்ஸில் இதைச் செய்த சில வரிகளுக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. படிப்பவர் இதைப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை என்பது அதன் சாரம்.

லயன்ஸின் உரை பரவப் பரவ, அந்தக் குறிப்பும் பிரபலமானது. டி-ஷர்ட்டில்கூட அச்சடித்தார்கள். ஜாம்பவான்கள் நம்மை மட்டம் தட்டுகிறார்கள் என்று சிலர் நினைத்தார்கள். இவ்வளவு கடினமானதை எழுதியிருக்கிறார்களே என்று சிலர் வியந்தார்கள். இரண்டில் எதுவானாலும், பேசாமல் இருந்திருந்தால் ரிட்சிக்குப் பெருமைதான் கூடியிருக்கும்.

அவர் பேசாமல் இருக்கவில்லை. பின்னாளில் தன் இணையப் பக்கத்தில் விளக்கம் எழுதினார். இது திமிரில் எழுதியது இல்லை. இந்தப் பகுதி தேர்வுக்கு வராது என்று ஆசிரியர் சொல்வாரே, அந்தப் பொருளில் எழுதியது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்துத்தான் உண்மையான பிரச்சினையைச் சொன்னார்: அங்கே என்ன நடக்கிறது என்பது எங்களுக்கும் புரியவில்லை.

நடந்தது இதுதான். அந்த வரிகள் கையாண்ட முறை, பிடிபி-11 கணினிக்கான கம்பைலர் உள்ளுக்குள் வேலை செய்யும் விதத்தை நம்பி இருந்தது. அந்தக் கணினியில் ஓடியவரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. 1977இல் ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சனும் யுனிக்ஸை ‘இன்டர்டேட்டா’ என்ற வேறு கணினிக்கு மாற்றும் வேலையில் இறங்கியபோதுதான், அந்த முறையை அப்படியே கொண்டுபோக முடியாது, அடிப்படையே தப்பு என்று விளங்கியது. திருத்தி எழுதினார்கள். 1979இல் வந்த ஏழாவது பதிப்பில் அந்த வரிகளும் இல்லை, குறிப்பும் இல்லை.

உலகம் மேதைமை என்று நினைத்த ஒன்றை, இல்லைங்க, அது எங்கள் தவறு என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

தன் மொழியின் குறையைத் தானே எழுதியவர்

‘சி’ மொழி பழகியவர்கள் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். ‘ஆண்ட்’ குறியையும் ‘சமமா’ என்று கேட்கும் இரட்டைச் சமக்குறியையும் ஒரே வரியில் போட்டால், நாம் நினைப்பதற்கு மாறாகச் சமக்குறிதான் முதலில் வேலை செய்யும். அடைப்புக்குறி போடாவிட்டால் விடை தப்பாக வரும்.

ஏன் இப்படி? ஆரம்பத்தில் ஒற்றை ‘ஆண்ட்’ குறியே இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. அவற்றைப் பிரித்து இரட்டைக் குறி கொண்டுவந்தபோது, பழைய குறியின் முன்னுரிமையையும் மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. ஏற்கெனவே சில நூறு கிலோபைட் அளவுக்கு நிரல்கள் இருக்கின்றன, மூன்று இடங்களில் யுனிக்ஸ் ஓடுகிறது, அதையெல்லாம் ஏன் தொந்தரவு செய்யணும் என்று விட்டுவிட்டார்களாம். மூன்றே மூன்று இடம்! அன்று அந்தச் சில நூறு கிலோபைட்டுகளைக் காப்பாற்றியதன் விலையைப் பின்னால் வந்த தலைமுறைகள் கொடுக்கின்றன. இந்தக் கதையைக் கண்டுபிடித்துச் சொன்னது எதிராளி இல்லை. ரிட்சியே எழுதினார், மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று.

1993இல் கணினி மொழிகளின் வரலாறு பற்றிய ஒரு மாநாட்டுக்கு ‘சி’ வளர்ந்த கதையை நீண்ட கட்டுரையாகக் கொடுத்தார். வெற்றிக்கதையாக மட்டுமே அதை எழுதியிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால், அதில் எந்த யோசனை யாரிடமிருந்து வந்தது என்று பெயர் சொல்லிக் கடன் தீர்த்தார். இரட்டைக் குறியைப் பரிந்துரைத்தவர் ஆலன் ஸ்னைடர் என்று மறக்காமல் குறிப்பிட்டார். மாறிகளை அறிவிக்கும் முறை குழப்பமானது என்ற விமர்சனத்தையும் மறைக்கவில்லை.

இன்னொரு வேலையும் செய்தார். 1972-73 காலத்து நாடாக்களிலிருந்து ‘சி’ கம்பைலரின் மிகப் பழைய வடிவங்கள் இரண்டு மீட்கப்பட்டன. அரைகுறையான, வளர்ந்துகொண்டிருந்த நிரல்கள். உலகப் புகழ் பெற்ற ஒருவர், தன் ஆரம்பகாலக் கிறுக்கல்களைப் பரணில் போட்டுப் பூட்டத்தான் பார்ப்பார். ரிட்சி அவற்றைக் குறிப்புகளோடு தன் இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க வைத்தார்.

1994இல் யுனிக்ஸை வெறுப்பவர்கள் சேர்ந்து ஒரு புத்தகமே போட்டார்கள். அதில் ‘எதிர்-முன்னுரை’ எழுதிக் கொடுத்தவர் யார் தெரியுமா? ரிட்சியேதான். சரியான குறைகளும் அதில் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டு, கூடவே எழுதியவர்களை நன்றாகக் கலாய்த்தும் விட்டார்.

விட்டுக்கொடுக்காத இடம்

இதையெல்லாம் படித்துவிட்டு, யார் என்ன சொன்னாலும் தலையாட்டும் மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். 1980களில் ‘சி’க்கு அதிகாரபூர்வத் தரம் வகுக்க அமெரிக்காவில் ஒரு குழு வேலை செய்தது. தன் மொழிதான் என்றாலும் ரிட்சி அதில் அதிகம் தலையிடவில்லை. ஆனால், வேகத்தைக் கூட்டுவதற்காக ‘நோ-ஏலியாஸ்’ என்ற புதிய சொல்லைக் குழு சேர்க்கப் பார்த்தபோது, 1988இல் நீண்ட கடிதம் எழுதினார். இதை யாராலும் சரியாகப் பயன்படுத்த முடியாது, ஏற்கெனவே ஒழுங்காக ஓடும் நிரல்களின் பொருளும் கெட்டுவிடும் என்று காரணங்களை அடுக்கி, கட்டாயம் நீக்க வேண்டும் என்றார். குழு நீக்கியது. 1989இல் தரம் வெளியானபோது அந்தச் சொல் அதில் இல்லை.

கவனித்துப் பாருங்க. குறை சொல்லப்பட்டபோது அவருக்குக் கோபம் வரவில்லை. அடுத்தவர் ஏற்கெனவே எழுதிய நிரல் உடையும் என்றபோதுதான் வந்தது.

பெயரும் பணமும்

யுனிக்ஸின் பாதுகாப்புக்கு ரிட்சி கண்டுபிடித்த ஓர் உத்தி உண்டு. சாதாரணப் பயனர் ஒருவர், தனக்கு உரிமையில்லாத கோப்பையும் குறிப்பிட்ட நிரல் வழியாக மட்டும் மாற்ற அது இடம் தரும். நாம் கடவுச்சொல்லை மாற்றும்போது நடப்பது இதுதான். இதற்கு அவர் பெயரில் 1979இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு அது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. அதனால்தான் பின்னால் வந்த இயங்குதளங்கள் யாருக்கும் பணம் கட்டாமல் அதைப் பயன்படுத்த முடிந்தது.

1984இல் ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்ட பிறகு பழைய சட்டத் தடை நீங்கியது. யுனிக்ஸ் வியாபாரமானது. அதற்கு முன்பே, ஏழாவது பதிப்பின் லைசென்ஸ், மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தத் தடை போட்டிருந்தது. லயன்ஸின் உரை அச்சுக்கு வர முடியாமல், ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாகக் கைமாறியது. கதவு மூடப்பட்டதும் வெளியே நின்றவர்கள் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் வந்தது. இரண்டுக்கும் முன்மாதிரி யுனிக்ஸ், முக்கிய மொழி ‘சி’.

தன் படைப்பைப் பார்த்து இன்னொருவர் செய்துவிட்டாரே என்று ரிட்சி வருந்தவில்லை. லினக்ஸைக் கண்டு மகிழ்ச்சி என்றே பேட்டியில் சொன்னார். லயன்ஸின் உரை ஒருவழியாக 1996இல் புத்தகமாக வந்தபோது, அதில் ரிட்சியின் குறிப்பும் இடம்பெற்றது. 

யுனிக்ஸ் யாருடையது என்று கேட்டால், பெரும்பங்கு தாம்சனுடையது என்பார். இருவரும் 1983இல் கணினி உலகின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். பத்தாண்டு கூட்டுவேலையில் ஒரே ஒருமுறைதான் இருவரும் தெரியாமல் ஒரே வேலையைச் செய்ததாகத் தாம்சன் அப்போது நினைவுகூர்ந்தார். 20 வரி நிரல் அது. ஒப்பிட்டுப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருந்ததாம்!

ஒரு வார இடைவெளி

2007இல் ஓய்வுபெற்றார். 2011 அக்டோபர் 12 அன்று, நியூஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸில் தன் வீட்டில் இறந்துகிடந்தார். வயது 70. பழைய சக ஊழியர் ராப் பைக் இணையத்தில் எழுதித்தான் செய்தி வெளியே தெரிந்தது.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 5 அன்று, ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார். உலகமே அழுதுகொண்டிருந்த வாரம் அது. ஐபோனுக்குள் ஓடும் இயங்குதளத்தின் வேர் யுனிக்ஸ். அப்போது அதன் செயலிகள் எழுதப்பட்ட ‘ஆப்ஜெக்டிவ்-சி’, பெயரிலேயே ‘சி’யைச் சுமக்கிறது. ஆனாலும், ரிட்சியின் மறைவு பல நாளிதழ்களில் சின்னச் செய்தியாகத்தான் வந்தது.

அவரை மறக்காதவர்கள் நிரல் எழுதுபவர்கள்தான். அடுத்த மாதமே வந்த ஃபெடோரா 16ஐயும், 2012 ஜனவரியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 9.0ஐயும் அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்கள். இரண்டுமே யார் வேண்டுமானாலும் மூலநிரலைத் திறந்து படிக்கக்கூடிய இயங்குதளங்கள்.

கையில் லினக்ஸ் கணினி இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது ஒரு கட்டளையின் கையேட்டுப் பக்கத்தைத் திறந்து, கடைசிவரை கீழே இறங்குங்கள். பல பக்கங்களில் ‘பிழைகள்’ என்ற தலைப்பு இன்னும் இருக்கிறது. பக்கத்திலேயே, எழுதியவரின் பெயரும் இருக்கும்.